சிறுநக நீர்நாயின் ஓடையைப் படிப்பது எப்படி?

சிறுநக நீர்நாயைத் தேடி மலையோடைக்குப் போகிறவர் முதலில் விட்டுவிட வேண்டியது, அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசையைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாக மனித நடமாட்டம் உள்ள ஓடைகளில், இது பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்புமே வெளியே வருகிறது. ஆள் அரவம் கேட்டால் பாறை இடுக்கில் புகுந்து, நாம் கடந்து போகும்வரை அசையாமல் இருந்துவிடுகிறது. ஆனால், தான் வந்து போனதை மறைக்கும் வழக்கம் இதற்கு இல்லை. குடும்பத்தோடு ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சமிட்டு, அதைக் காலாலும் வாலாலும் தேய்த்துப் பரப்பிவிட்டுப் போகிறது. அந்தப் பாறையைப் படிக்கத் தெரிந்துகொண்டால், விலங்கை ஒருமுறைகூடப் பார்க்காமலே, அது இந்த ஓடையில் இருக்கிறதா, எதைத் தின்கிறது, எந்தப் பகுதியைத் தவிர்க்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிட முடியும். அதைக் காப்பதற்கான வேலையும் அந்தப் பாறையிலிருந்தே தொடங்குகிறது.

ஆனைமலை, நீலகிரி போன்ற மலைகளில் ஓடையருகே வசிப்பவர்களையும், தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களையும், இயற்கை ஆர்வலர்களையும், மாணவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடு, நனைந்தாலும் எழுத்து கரையாத பென்சில், 15 செ.மீ. அளவுகோல், கையுறை, இருப்பிடம் குறிக்கும் வசதியுள்ள கைபேசி, ஈரப் பாறையில் வழுக்காத காலணி ஆகியவை போதும்.

எந்த நீர்நாய் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

உலகில் 13 நீர்நாய் இனங்கள் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றுள் உருவில் மிகச் சிறியது இதுவே. வளர்ந்த விலங்கின் எடை பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டியே இருக்கும். 5 கிலோவைத் தொடுவது அரிது. 1815-இல் இல்லிகர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் முதன்முதலாக விவரித்த இந்த இனத்தின் இன்றைய அறிவியல் பெயர் அயோனிக்ஸ் சினெரியஸ். அயோனிக்ஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு நகமற்றது என்று பொருள். உண்மையில் நகம் இருக்கிறது. விரல் நுனிச் சதையைத் தாண்டாத சிறு முளையாக மட்டும் இருக்கிறது. விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வும் விரலின் நுனிவரை வருவதில்லை. இதனால் இதன் முன்கால், துடுப்பாக மட்டும் இல்லாமல், கையைப் போலவும் பயன்படுகிறது. கல்லுக்கு அடியிலும் சேற்றிலும் விரல்களை நுழைத்துத் துழாவி, தொட்டுணர்ந்தே நண்டையும் நத்தையையும் வெளியே இழுக்கிறது. அவற்றின் ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்ப இதன் கடைவாய்ப் பற்கள் அகன்றும் உறுதியாகவும் அமைந்திருக்கின்றன.

நீர்நாய் என்றதும் மீன் தின்னும் விலங்கு என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வருகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் நீர்நாய், பொய்கையில் வாளை மீனை இரையாகப் பெறும் மருத நிலத்து விலங்கு. காவிரிப் படுகையில் இன்றும் வாழும் ஆற்று நீர்நாயை அது குறித்தது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மலையோடையில் வாழும் சிறுநக நீர்நாயோ முதன்மையாக நண்டு தின்னும் விலங்கு. மீன், தவளை, நத்தை, நீர்ப்பூச்சி எல்லாம் தின்றாலும், அதன் எச்சத்தில் பெரும்பங்கு நண்டு ஓடாகவே இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பலவும் எளிதில் விளங்கும்.

இந்தியாவில் உள்ள மூன்று நீர்நாய் இனங்களும் தென்னிந்தியாவில் இருக்கின்றன. ஆற்று நீர்நாய் சமவெளி ஆறுகளிலும் அணைகளிலும் கழிமுகங்களிலும் கூட்டமாக வாழ்வது. எடை 7 கிலோவுக்கு மேல் இருக்கும், வாலின் நுனிப்பகுதி தட்டையாக இருக்கும். யூரேசிய நீர்நாய் பெரும்பாலும் தனித்துத் திரிவது; ஆனைமலையில் அது இருப்பது அண்மைக் காலத்தில்தான் உறுதியானது என்பதால், மலையோடையில் கண்ட நீர்நாய் எல்லாம் சிறுநகமே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இலங்கைத் தமிழர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இலங்கையில் யூரேசிய நீர்நாய் மட்டுமே உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநக நீர்நாய் இருக்கிறது. ஆனால் அங்கே அது சதுப்பு நிலக் காடுகளிலும் கடலோரச் சேற்றிலும்கூட வாழ்வதால், மலையோடைக்குச் சொல்லும் குறிப்புகள் அனைத்தும் அங்கே அப்படியே பொருந்தா.

இமயமலை அடிவாரத்திலிருந்து வடகிழக்கு இந்தியா, தென்சீனா, தென்கிழக்கு ஆசியா வழியாகச் சுமத்திரா, ஜாவா, போர்னியோ, பலாவன் தீவுகள்வரை பரவியுள்ள இந்த இனத்தின் ஒரு பகுதி, அவற்றிலிருந்து நெடுந்தொலைவு விலகி, குடகு, நீலகிரி, ஆனைமலை முதலான தென்மலைகளில் வாழ்கிறது. இங்கே ஓர் ஓடை வெறுமையானால், அதை நிரப்ப வடகிழக்கிலிருந்து நீர்நாய் வரப்போவதில்லை. பக்கத்து ஓடையிலிருந்துதான் வர வேண்டும்.

எப்போது போவது, எங்கே தேடுவது

சனவரி முதல் மே மாத இறுதிவரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் ஓடை பெருகிப் பாறைகளைக் கழுவிவிடும். அப்போது எச்சம் இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. கோடையிலும் ஒரு நல்ல மழை பெய்திருந்தால், ஒரு வாரமாவது கழித்துப் போங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடைக்குள் நடக்கும்போது நீரின் இரைச்சல் மற்ற ஒலிகளை விழுங்கிவிடும். யானை மூங்கிலை முறிக்கும் ஓசை இருபது அடி தூரத்தில்கூடக் காதில் விழாமல் போகலாம். ஆகவே தனியாகப் போகக் கூடாது. இருவர் போனால் ஒருவர் பாறையைப் பார்க்கும்போது மற்றவர் கரையைப் பார்க்க வேண்டும். காட்டுமாடு தண்ணீருக்கு வரும் விடியற்காலையையும் மாலையையும் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு நடப்பது நல்லது. மேல்மலையில் மழை பிடித்தால், நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் வெள்ளம் வரும். நீர் திடீரெனக் கலங்கினால் உடனே கரையேறுங்கள். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் நுழைய வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். தோட்டத்துக்குள் ஓடும் ஓடைக்குத் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நீரோட்டத்துக்கு எதிராக, கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். நாம் கலக்கும் வண்டல் நமக்குப் பின்னால் போய்விடும். முன்னால் உள்ள மடு தெளிவாகவே இருக்கும். ஆழமான பெரிய ஆற்றைவிட, முழங்கால் அளவு நீர் ஓடும், உருண்டைப் பாறைகள் இறைந்து கிடக்கும், இடையிடையே சிறு மடுக்கள் தேங்கி நிற்கும் ஓடைகளே இந்த விலங்குக்கு உகந்தவை. ஆழம் குறைந்த நீரில்தான் கைகளால் துழாவ முடியும். பாறை இடுக்குகள் இருந்தால்தான் ஒளிய முடியும். ஓடையின் நடுவே நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் தட்டைப் பாறைகள், இரண்டு ஓடைகள் கூடும் இடங்கள், குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்கள், மடுவை ஒட்டிய மணல் திட்டுகள், கரையில் கவிந்த பாறைகளின் அடிப்பகுதி, சிறு பாலங்களின் அடிப்பகுதி, தடுப்பணைகளின் மேற்சுவர் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். பாறையைத் தாண்டிக் கரைப்புல்லில் ஓரிரு மீட்டர் ஏறியும் பார்க்க வேண்டும். தேய்த்துப் படுக்கவைத்த புல்லின் நடுவே எச்சம் கிடப்பது உண்டு.

எச்சத்தைப் படித்தல்

புதிய எச்சம் கருமையாகவும் பசைபோல ஈரமாகவும் இருக்கும். ஒரு நாள் வெயில் பட்டால் மேற்புறம் சாம்பல் நிறமாக வெளுக்கும். சில நாள்களில் உருக்குலைந்து, பாறைமேல் யாரோ உடைத்த செங்கல் துகளைத் தூவினாற்போல ஓட்டுத் துணுக்குகள் மட்டும் எஞ்சும். முகர்ந்து பார்க்கக் குனிய வேண்டியதே இல்லை. காற்று வாகாக வீசினால், ஈர மீன் வலையின் வாடை ஏழெட்டு அடி முன்னாலேயே தெரியும். பழைய பாடல்கள் இதைப் புலவு நாறும் விலங்கு என்று சொன்னது மிகச் சரியான அவதானிப்பு.

ஒரு குச்சியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது, நகக்கண் அளவுக்கு நொறுங்கிய ஓட்டுச் சில்லுகள். வெளிப்புறம் செம்பழுப்பாகவும் உட்புறம் வெண்மையாகவும் இருக்கும். அவற்றுக்கிடையே நண்டின் கொடுக்கு நுனி ஒன்று, உள்விளிம்பில் சிறு பற்கள் வரிசை கலையாமல் அப்படியே கிடக்கும். நண்டுக்கால் கணுக்கள் உள்ளீடற்ற குழல்களாக உதிரும். இவற்றோடு பளபளக்கும் பூச்சியிறகு உறைகளும் மெல்லிய தவளை எலும்பும் சில மீன் செதில்களும் இருக்கலாம். இதற்கு மாறாக, எச்சம் முழுவதும் மீன் செதிலும் முள்ளுமாக, ஒரே இடத்தில் பெருங்குவியலாக இருந்தால் ஆற்று நீர்நாயை எண்ணிப் பாருங்கள். மீன் முள் நிறைந்த சிறிய ஒற்றை எச்சம், எடுப்பான ஒரு கல்லின் உச்சியில் தனியே வைத்தது போல இருந்தால் யூரேசிய நீர்நாயாக இருக்கலாம். நண்டு ஓடு நிறைந்த எச்சங்கள் ஒரே பாறையில் பலவாக, தேய்த்துப் பரப்பப்பட்டுக் கிடப்பதுதான் சிறுநக நீர்நாய்க் குடும்பத்தின் அடையாளம்.

நண்டு ஓடு தெரிந்தாலே நீர்நாய் என்று எழுதிவிடுவதுதான் புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு. கழுத்தின் பக்கவாட்டில் கருங்கோடு ஓடும் பெரிய மலைக்கீரியும் ஓடையோரத்தில் நண்டு தின்கிறது. அதன் எச்சம் தேய்த்துப் பரப்பப்பட்டிருக்காது, முறுக்கிய வடிவில், ஒரு முனை கூம்பி, பெரும்பாலும் நடைபாதையில் கிடக்கும், மயிரும் கலந்திருக்கலாம். மீன்கொத்தியும் நண்டைத் தின்று ஓட்டை உருண்டையாகக் கக்குகிறது. ஐயம் வந்தால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பாறைக்கு நேர் மேலே ஒரு கிளை நீண்டிருந்து, கீழே வெள்ளை எச்சக் கறையும் இருந்தால் அது பறவையின் வேலை. அப்போதும் தீராத ஐயத்தை ‘உறுதியில்லை’ என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். தவறான ஒரு பதிவு, விடுபட்ட பத்துப் பதிவுகளைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

எச்சத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. அதில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். அள்ளிக்கொண்டும் வரக் கூடாது. அது அந்தக் குடும்பம் மற்ற நீர்நாய்களுக்கு விட்டுச்சென்ற தகவல்; துடைத்தெடுத்தால் அதன் எல்லையைக் கலைத்தவர் ஆவோம். மரபணு ஆய்வுக்கு மாதிரி எடுப்பது, அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் புத்தம் புதிய எச்சத்திலிருந்து செய்ய வேண்டிய வேலை. வெப்பத்தில் மரபணு விரைவில் சிதைந்துவிடும்.

எச்சங்களை எண்ணி விலங்குகளின் எண்ணிக்கையைச் சொல்ல முயல்வதும் வீண். ஒரே குடும்பம் ஒரே இரவில் பல இடங்களில் எச்சமிடும். எச்சம் சொல்வது, இருக்கிறது என்பதை மட்டுமே.

காலடித் தடம் கிடைத்தால் அது கூடுதல் உறுதி. மணல் திட்டில் ஐந்து விரல்களும் தனித்தனியாக, சிறு கைவிரல்கள் பதிந்தது போலத் தெரியும். விரல் நுனிகளுக்கு முன்னால் நகக் குறி இராது. கீரியின் தடத்தில் நகக் குறி தெளிவாகத் தெரியும். ஆற்று நீர்நாயின் தடம் இதைவிடக் கண்கூடாகப் பெரியது. அளவுகோலைத் தடத்தின் அருகே வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். சாய்வாக எடுத்த படத்திலிருந்து அளவைச் சொல்ல முடியாது.

பதிவு செய்யும் முறை

பிரிட்டனில் யூரேசிய நீர்நாய்க்காக உருவான 600 மீட்டர் கணக்கெடுப்பு முறை எளிமையானது. நம் ஓடைகளுக்கும் அதைத் தழுவிக்கொள்ளலாம். ஓடையின் 600 மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, அதை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் இருந்ததா, இல்லையா என்பதை எழுதுங்கள். ‘இல்லை’ என்பதை எழுத மறப்பவர்களே அதிகம். ஒன்றும் கிடைக்காத நாளின் குறிப்பு, கிடைத்த நாளின் குறிப்புக்கு நிகரான மதிப்புடையது. அது இல்லாமல் விலங்கு எந்தப் பகுதியைத் தவிர்க்கிறது என்பதை யாராலும் கணிக்க முடியாது.

அதே 600 மீட்டரை ஒரு பருவத்தில் மூன்று முறையாவது நடக்க வேண்டும். முதல்முறை எதுவும் தென்படாததால் நீர்நாய் இல்லை என்று ஆகிவிடாது. நம் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். மூன்று நடைகளில் எத்தனை முறை தென்பட்டது என்பதை வைத்து, தப்பவிட்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் கணக்கிடுவார்கள். அடையாளம் கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவு, எச்சம் ஈரமா, உலர்ந்ததா, உதிர்ந்ததா என்பது, நீரின் அகலம், ஆழம், பாறைகளின் செறிவு, கரையில் நிழல் இருக்கிறதா என்பது ஆகியவற்றோடு, மனித வேலைகளையும் எழுதுங்கள். துணி துவைக்கும் கல், மோட்டார் போட்டு நீர் இறைக்கும் குழாய், மருந்தடிக்கும் டப்பா, நாய்த் தடம், தூண்டில் கம்பி என எது கண்ணில் பட்டாலும் அது தகவல்தான். பதிவுகளை வனத்துறைக்கும் உங்களுக்கு நம்பகமான ஆய்வாளர்களுக்கும் கொடுங்கள். சரியான இருப்பிடத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். குட்டி பிடிக்க வருகிறவருக்கு அதுவே வழிகாட்டிப் பலகையாகிவிடும்.

அடிபட்டோ இறந்தோ கிடக்கும் விலங்கைக் கண்டால், தொடாமல், முன்கால் விரல்களும் வாலும் மூக்கும் தெரியும்படி படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நேபாளத்தில் 1839-க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லாதிருந்த சிறுநக நீர்நாய், 2024-இல் டடேல்துரா மாவட்டத்தில் காயமுற்றுக் கிடைத்த ஓர் இளம் விலங்கின் வழியாகவே மீண்டும் உறுதியானது. ஒரு நல்ல படம் 185 ஆண்டு இடைவெளியை மூடக்கூடும்.

தானியங்கி கேமரா வைக்க விரும்புகிறவர்கள் அனுமதி பெற்ற பிறகே வைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கேமராக்கள் உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தே இயங்குகின்றன. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் மேல்மயிர் குளிர்ந்த நீரில் ஊறியிருப்பதால், கேமரா அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். ஆகவே நீர்விளிம்பை நோக்கி வைக்காமல், விலங்கு சற்று நேரம் நின்று உடலைத் தேய்த்து உலர்த்தும் எச்சப் பாறையை நோக்கி, முழங்காலுக்குக் கீழான உயரத்தில், காணொளி எடுக்கும்படி வையுங்கள். வெள்ளம் வந்தால் எட்டாத மரத்தில் கட்டுங்கள்.

நண்டைக் காப்பதே முதல் வேலை

சிறுநக நீர்நாய் மனிதர்கள் இல்லாத காட்டில் மட்டுமே வாழும் என்று எண்ண வேண்டாம். வால்பாறையைச் சுற்றியுள்ள தேயிலை, காப்பித் தோட்டங்களின் ஊடே ஓடும் ஓடைகளிலும் இது வாழ்வதை, 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை பிறக்கிறது. தோட்டத்து ஓடை கெட்டே போய்விட்டது என்று கைவிட வேண்டியதில்லை. அங்கே செய்யும் சிறு மாற்றமும் இந்த விலங்குக்குப் பயன்படும்.

மலையோடை நண்டின் வாழ்க்கையை அறிந்தால், என்ன செய்ய வேண்டும் என்பது தானே தெரியும். கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிட்டு, நீரில் மிதக்கும் இளம்புழுக்களாகப் பரவுகிறது. நன்னீர் நண்டு அப்படிச் செய்வதில்லை. அது குறைந்த எண்ணிக்கையில் பெரிய முட்டைகளை இட்டு வயிற்று மடிப்பில் சுமக்கிறது; முட்டையிலிருந்து முழு உருவம் பெற்ற குட்டி நண்டுகளே வெளிவந்து, சில நாள்கள் தாயோடு ஒட்டியிருந்துவிட்டுப் பிரிகின்றன. ஆகவே ஓர் ஓடையில் நஞ்சு கலந்து நண்டுகள் செத்தால், வேறெங்கிருந்தோ மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப எதுவும் இல்லை. பக்கத்து ஓடையிலிருந்து ஊர்ந்து வரும் நண்டுகள் பல தலைமுறை பெருகிய பிறகுதான் மடு மீளும். அதுவரை நீர்நாய்க் குடும்பம் காத்திருக்க முடியாது.

நஞ்சு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மீன் பிடிப்பதற்காகப் பிளீச்சிங் பவுடர், துருசு, நஞ்சுக்காய் போன்றவற்றைக் கலப்பதும் தோட்டா போடுவதும். இவை குற்றம் என்பது செய்கிறவர்களுக்கும் தெரியும். எந்த மடுவில், எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை ஊர்க்காரர்களே அறிவார்கள். அந்த மடுக்களின் பட்டியலை வனவரிடம் கொடுத்து, கோடையில் அங்கே சுற்று வரச் சொல்வது, பொதுவாக விழிப்புணர்வு பேசுவதைவிடப் பலன் தரும்.

மற்றொன்று, யாரும் தீங்கென்று கருதாமலே செய்வது. மருந்தடித்து முடித்த மாலையில், முதுகில் மாட்டும் தெளிப்பானை ஓடையில் அமிழ்த்தி, ஒரு குலுக்குக் குலுக்கி, வெண்ணுரை வடியும் தண்ணீரை அங்கேயே கவிழ்ப்பார்கள். அந்த நேரத்தில் ஓடையில் நீரும் குறைவு. கலந்தது கரைந்து போக வழியில்லை. சற்று நேரத்தில் கீழேயுள்ள மடுவில், கல்லுக்கு அடியில் இருக்க வேண்டிய நண்டுகள் பகலிலேயே வெளியே வந்து, கரையேறத் தடுமாறிக்கொண்டிருக்கும். கழுவுகிறவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேலை முடிந்து களைத்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் அதுதான். தோட்ட நிர்வாகத்திடம் பேசி, ஓடையிலிருந்து தள்ளி ஒரு குழாயும் ஊறுகுழியும் அமைக்கச் செய்யுங்கள். தண்ணீர் அங்கே கிடைத்தால் அவர் ஓடைக்கு இறங்க மாட்டார். அதோடு, ஓடையின் இரு கரையிலும் குறிப்பிட்ட அகலத்துக்கு மருந்தே அடிக்காத பட்டை விடும்படியும் கேளுங்கள்.

அந்தப் பட்டையில் தேயிலைக்கு மாற்றாக அந்த மலைக்கே உரிய மரங்கள் வளர வேண்டும். நாவல் இன மரங்களும் கரையோரத் தாழையும் நாணலும் சேர்ந்து வளர்ந்தால் மூன்று நன்மைகள் உண்டு. உதிரும் இலை நண்டுக்கு உணவாகிறது. நிழல் கோடையிலும் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. வேர்ப்பொந்துகள் நீர்நாய்க்கு மறைவிடமாகின்றன. தைலமரத்தையோ சில்வர் ஓக்கையோ கரையில் வரிசையாக நட்டுவிட்டு மீட்டுவிட்டோம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆனைமலையில் துண்டுபட்ட மழைக்காடுகளை உள்ளூர் மரங்களைக் கொண்டே மீட்டெடுக்கும் பணி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதற்கான நாற்றங்கால்களும் அனுபவமும் அங்கே இருக்கின்றன.

ஓடையிலிருந்து பாறைகளையும் மணலையும் அள்ளுவதைத் தடுக்க வேண்டும். பாறை போனால் நண்டின் வீடும் நீர்நாயின் வீடும் சேர்ந்து போகும். கோடையில் நீர் இறைப்பவர்கள் மடுவை முற்றாக வற்றவிடாமல், ஓட்டம் அறுபடாத அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். குடியிருப்பு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் நீர்நாய்ப் பாதுகாப்பே. நாய்களிடம் வரும் டிஸ்டெம்பர் நோய் நீர்நாயையும் தாக்கக்கூடியது.

குட்டியைக் கண்டால்

சிறுநக நீர்நாய் இணைபிரியாமல் குடும்பமாக வாழ்வது. கருக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். ஒரு முறைக்கு ஒன்று முதல் ஆறு குட்டிகள்வரை பிறக்கின்றன. கண் திறக்கவே ஐந்தாறு வாரமாகும். தந்தையும் இரை கொண்டுவருகிறது. முந்தைய ஈற்றின் பிள்ளைகளும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கின்றன. இவ்வளவு பேர் கவனிக்கும் குட்டி, அநாதையாகிப்போவது அரிது. ஓடையோரத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைக் கண்டால், நாயையும் ஆட்களையும் விலக்கிவிட்டு, தொலைவில் மறைந்திருந்து பாருங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருவதும் பசும்பால் ஊட்டுவதும் அதைக் கொன்றுவிடும்.

தூக்கி வருவது சட்டப்படியும் கடுங்குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறை. அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. தென்கிழக்கு ஆசியாவில் குட்டிகளைப் பிடித்து இணையத்தில் விற்பதும், ஜப்பானில் வாடிக்கையாளர்கள் கொஞ்சுவதற்காகவே நீர்நாய்களை வைத்திருக்கும் கடைகளும் பெருகியதால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்புக்கு 2019-இல் இது மாற்றப்பட்டு, பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. கொஞ்சும் காணொளிகள் வேண்டாம் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அடைத்து வைக்கப்பட்ட சிறுநக நீர்நாய்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது மிகச் சாதாரணம். நன்கு பராமரிக்கும் விலங்குக் காட்சிச்சாலைகளிலேயே இது நீங்காத தொல்லை. தொட்டிக்குள் விளையாடும் அந்தக் குட்டியின் காணொளியைப் பகிரும் ஒவ்வொரு முறையும், அடுத்த குட்டிக்கு விலை ஏறுகிறது. யாரேனும் விற்பதாக விளம்பரம் கண்டால், பகிராமல், திரைப்பதிவு எடுத்து வனத்துறைக்கோ வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கோ அனுப்புங்கள்.

மே மாதத்தின் கடைசிப் புதன்கிழமை உலக நீர்நாய் நாள். தென்மேற்குப் பருவமழை பாறைகளைக் கழுவுவதற்குச் சற்று முன்னால் அது வருவதால், அந்தப் பருவத்தின் கடைசி நடையை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைகளில் நான்கு பேரைப் பெரியவர் துணையோடு அழைத்துப் போய் எச்சப் பாறையைக் காட்டுங்கள். ஓட்டுச் சில்லை அவர்களே குச்சியால் பிரித்துப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும், அந்த ஆண்டின் 600 மீட்டரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போனாலும் புரியும்படி, பாறை, மரம், பாலம் என்ற நிலையான அடையாளங்களோடு குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். சனவரியில் அதே கல்லிலிருந்து மீண்டும் நடக்க வேண்டும்.